எஸ்டிமேட்டில் வராத செலவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். "சிவில் படிக்கிற பிள்ளை, கான்கிரீட்டைப் பற்றி எழுதேன்" என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு தலைப்பு. மாதவிடாய்க்காக ஒரு பெண் தன் கைக்காசில் எவ்வளவு செலவழிக்கிறாள் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே! "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் கூட்டல், பெருக்கல்தான். எஸ்டிமேட் பாடத்தில் நாம் என்ன படிக்கிறோம்? ஒரு சுவர் கட்ட வேண்டுமானால் செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை, கொத்தனார் கூலி எவ்வளவு என்று ஐட்டம் ஐட்டமாக எழுதிக் கூட்டுகிறோம். ஒரு ஐட்டத்தை விட்டுவிட்டால் மார்க் போய்விடும். ஆனால் வீட்டுக் கணக்கில் ஒரு ஐட்டம் தலைமுறை தலைமுறையாக விடுபட்டுக்கொண்டே இருக்கிறது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். அதை அளந்து பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சனிக்கிழமைக் கணக்கு

எங்க ஊர் திருவேங்கடம். எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாங்க. அப்பா காட்டு வேலைக்குப் போறாங்க. எங்க வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்குப் பின்னால் ஒரு தங்கச்சி, பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்து பணத்தைப் பிரித்து வைப்பாங்க. அரிசிக்கு இவ்வளவு, பலசரக்குக் கடை பாக்கிக்கு இவ்வளவு, குழுக் கடனுக்கு இவ்வளவு, கேசுக்கு இவ்வளவு. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க. ஆனாலும் கணக்கில் ஒரு ரூபாய் தவறாது. அந்தப் பிரிவில் "நாப்கினுக்கு இவ்வளவு" என்று ஒரு தடவைகூட அவங்க தனியாக எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. அது வேண்டியிருக்கும் அன்றைக்கு எதிலிருந்தாவது பிய்த்து எடுப்பாங்க. சில வாரம் காய்கறியிலிருந்து வரும். சில வாரம் எனக்குக் கொடுக்கிற டீக் காசிலிருந்து வரும்.

கடையில் வாங்கும்போதும் அப்படித்தான். அரிசியை வெளிச்சமாக வாங்குகிறோம். நாப்கினைப் பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புக் கவரில் போட்டு வாங்குகிறோம். பொருளை மறைத்து மறைத்து, அதற்கு ஆகிற செலவையும் சேர்த்து மறைத்துவிட்டோம்.

எஸ்டிமேட் போடுவோம்

இனி ஐட்டம் ஐட்டமாகப் பார்ப்போம். எங்க ஊர்க் கடையில் நான் வாங்குகிற விலையை வைத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊரில் ஒன்றிரண்டு ரூபாய் கூடலாம், குறையலாம்.

மாதவிடாய் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் நாளுக்கு நான்கு நாப்கின், மூன்றாம் நாள் மூன்று, கடைசி இரண்டு நாள் இரண்டிரண்டு. ஆக 15. நான்கு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. அதனால் இந்த எண்ணிக்கை ஆடம்பரமில்லை.

நாப்கின் 15, ஒன்று 6 ரூபாய் வீதம் – 90 ரூபாய்.
வலி மாத்திரை – 10 ரூபாய்.
கூடுதலாக ஆகும் குளியல் சோப்பு, துணி சோப்பு – 15 ரூபாய்.
கறை பட்டு வீணாகும் உள்ளாடை, வருஷத்துக்கு மூன்று, மாதப் பங்கு – 18 ரூபாய்.
மொத்தம் – 133 ரூபாய்.

வருஷத்துக்கு 12 மாதம்தானே என்று பெருக்கிவிடாதீர்கள். சுழற்சி 28 நாள் என்றால் 365 நாளில் 13 தடவை வரும். 133-ஐ 13-ஆல் பெருக்கினால் 1,729 ரூபாய்! கணிதமேதை ராமானுஜத்தின் பெயரால் அழைக்கப்படும் அதே 1729. கூட்டி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. எங்க வீட்டில் பெண்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் போட்டால் வருஷத்துக்கு 5,187 ரூபாய்.

ஒரு பெண் 12 வயதில் பெரிய மனுஷியாகி 50 வயதில் நின்றுபோகிறது என்று வைத்தால் 38 வருஷம். பிள்ளைப்பேறு காலத்தைக் கழிக்காமல் போட்டால் கிட்டத்தட்ட 500 தடவை. இன்றைய விலையிலேயே 66,500 ரூபாய். விலை ஏறாமலா இருக்கப்போகிறது?

இதில் நம்ம ஊர் வழக்கம் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளை பெரிய மனுஷியானால் சடங்கு வைக்கிறோம். பந்தல், பிளக்ஸ் போர்டு, பட்டுச் சேலை, தாய்மாமன் சீர், விருந்து! கடன் வாங்கியாவது செய்கிறோம். முதல் தடவைக்கு ஊரைக் கூட்டிச் செலவழிக்கிறோம். பாக்கி 499 தடவைக்கு அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி 50 ரூபாய் கேட்கிறாள்.

பெரிய ஐட்டம் எது?

நாப்கின்தான் பெரிய செலவு என்று நானும் நினைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டபோதுதான் விட்டுப்போன ஐட்டம் தெரிந்தது. அதுதான் கூலி.

தாங்க முடியாத வலி உள்ள மாதம் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அம்மாவுக்கு 300 ரூபாய் போகும். நான் போட்ட 133 ரூபாயைவிட இரண்டு மடங்குக்கு மேல்! மாதச் சம்பளக்காரருக்கு லீவு உண்டு. அடைத்த கட்டுக்குக் கூலி வாங்குகிறவருக்கு ஏது லீவு? அதனால் அம்மா வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிடுவாங்க.

இது அம்மாவின் கதை மட்டுமில்லை. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளை தமிழ்நாட்டில் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் ஆலையிலேயே பெயரோ விவரமோ இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஒரு நாள் கூலி போனால் கட்டுபடியாகாது என்பதால் அவர்களும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பின்னால் உடம்புக்கு வந்த தொந்தரவையும் அந்தச் செய்தி விவரித்தது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நிலைமை இன்னும் கொடுமை. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் நின்றால் மேஸ்திரி அபராதம் பிடிப்பார். அதற்குப் பயந்து இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2019-ல் மாநில அரசு அமைத்த குழு 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்தது. அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பை அறுவை செய்துகொண்டவர்கள் என்று தெரியவந்தது. கூலிக் கணக்கு ஒரு பெண்ணின் உடம்பை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, பார்த்தீர்களா?

நான் பிடித்த சிக்கனம்

இப்போது என் கதை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஜூனியர் தங்கைகளுக்குப் பயன்படட்டும்.

இரண்டாம் வருஷம் சர்வே பிராக்டிகல். காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை ஆறரை. பகல் முழுக்க வெயிலில் தியோடலைட்டும் ரேஞ்சிங் ராடுமாக நிற்க வேண்டும். அந்த மாதம் வீட்டில் பணம் முடை. அம்மாவிடம் கேட்க மனமில்லை. ஒரு நாப்கினைப் பகல் முழுக்க வைத்துச் சமாளித்தேன். அந்தத் தடவை பத்து நாப்கின் மிச்சம். "அறுபது ரூபாய் சேமிச்சுட்டேன்" என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மூன்றாம் நாள் தோல் உரிந்து நடக்க முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் காசில்லாமல் பார்த்திருப்பார்கள். எங்கே தெரிந்தவர்கள் இருப்பார்களோ என்ற வெட்கத்தில் தனியார் டாக்டரம்மாவிடம் போனேன். டாக்டர் பீஸ் 250, மருந்தும் களிம்பும் 310, ஆட்டோ 80. ஆக 640 ரூபாய். மூன்று நாள் லீவு, இரண்டு பிராக்டிகல் போனது தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிட்டது.

அன்று ராத்திரிதான் அம்மாவிடம், "நீங்க ஏம்மா இன்னும் துணி வைக்கிறீங்க? நாப்கின் வாங்கிக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். "எனக்குத் துணியே பழகிருச்சு" என்றாங்க. நான் விடவில்லை. "மூணு பேருக்கும் வாங்குனா ஆகுமா? நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல போற பிள்ளைக" என்று மெதுவாகச் சொன்னாங்க. இவ்வளவு நாளாகப் பழக்கம் என்று நான் நினைத்தது பழக்கமில்லை. அம்மா போட்டு வைத்திருந்த கணக்கு!

துணி வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப் பேர் துணியைப் பயன்படுத்துகிறார்கள். பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் குடம் கணக்கில் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் அலசத் தண்ணீர் வேண்டும். நான்கு பேர் கண்ணில் படாமல் வெயிலில் காயப்போட இடம் வேண்டும். இரண்டும் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் ஈரத்தோடு காய்கிற துணிதான் நோயைக் கொண்டுவருகிறது.

ஒரு பட்டறைத் தொழிலாளியின் கணக்கு

எங்க அம்மா போட்ட இதே கணக்கை 1998-ல் கோயம்புத்தூரில் ஒரு மனைவி தன் கணவரிடம் சொன்னார். நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவுக்குப் பணம் இருக்காது என்றார். அந்தக் கணவர்தான் அருணாசலம் முருகானந்தம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறை வேலைக்குப் போனவர்.

நாமே செய்து பார்ப்போமே என்று இறங்கினார். பஞ்சை வைத்துச் செய்தார், சரிப்படவில்லை. உள்ளே இருப்பது பஞ்சில்லை, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஊர் கேலி பேசியது. மனைவியும் தாயும்கூடப் பிரிந்து போனார்கள். பிறகு மனைவி திரும்பி வந்தார்.

மெக்கானிக்கல் நண்பர்களே, அவர் எந்திரம் உங்கள் பாடம்தான். அட்டை போலக் கெட்டியாக வரும் மரக்கூழை அரைத்துப் பஞ்சு போலாக்குவது, அதை அச்சில் அழுத்துவது, மேலே மெல்லிய துணி போர்த்தி ஓரத்தை ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது – இவ்வளவுதான் வேலை. வெளிநாட்டு எந்திரம் கோடிக்கணக்கில் விற்றபோது இவர் சுமார் 65 ஆயிரம் ரூபாய்க்குச் செய்து மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஐட்டத்தை மறைக்காமல் எழுதினால் ஒரு எந்திரமே பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரசாங்கங்கள் செய்தது

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் வரி. அதே நேரத்தில் குங்குமம், பொட்டு, வளையலுக்கு வரி கிடையாது! நாடெங்கும் எதிர்ப்பு வந்தது. 2018 ஜூலை 21-ல் வரியை நீக்க முடிவு செய்தார்கள். ஆனால் விலை 12 சதவீதம் அப்படியே இறங்கிவிடவில்லை. பொருளுக்கு வரி விலக்கு என்றால், அதைச் செய்ய வாங்கிய மரக்கூழுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டிய வரியை கம்பெனி திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அது விலைக்குள் ஒளிந்து உட்கார்ந்துகொள்ளும்.

கென்யா 2004-லேயே இந்த வரியை எடுத்தது. பிரிட்டன் 2021 ஜனவரி 1-ல் எடுத்தது. ஸ்காட்லாந்து ஒரு படி மேலே போய் 2020-ல் சட்டம் போட்டு, 2022 ஆகஸ்ட் 15 முதல் கல்வி நிலையங்களிலும் உள்ளாட்சி இடங்களிலும் தேவைப்படுவோருக்கு இலவசமாகக் கிடைக்கும்படி செய்தது.

நம் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2012-ல் "புது யுகம்" திட்டம் தொடங்கியது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின். ஒரு பாக்கெட்டில் ஆறு, வருஷத்துக்கு 18 பாக்கெட், ஆக 108 நாப்கின். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியிருக்கிறேன், பெரிய உதவி. தேவை 195 என்று நம் எஸ்டிமேட் சொல்கிறது. பாதிக்கு மேல் அரசு கொடுத்தது, பாக்கி 87 நம் கைக்காசு. பத்தாவது முடித்து டிப்ளமோ வந்ததும் அதுவும் எனக்கு நின்றுபோனது. திட்டம் பள்ளியோடு முடிவதில்லை, 19 வயது வரை உண்டு, அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ விசாரிக்க வேண்டும் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

முதல் வருஷத்தில் எனக்குப் "புதுமைப் பெண்" பணம் ஆயிரம் ரூபாய் வந்தபோது முதல் தடவையாக யாரையும் கேட்காமல் கடைக்குப் போய் வாங்கினேன். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்க வந்த மாணவியருக்காக 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய திட்டம் அது. புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்னைப் போன்றவளுக்கு அந்த 133 ரூபாயும் அதிலிருந்துதான் வந்தது.

செலவைக் குறைக்க வழி

மக்கள் மருந்தகம் என்று போர்டு போட்ட கடையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விற்கும் "சுவிதா" நாப்கின் 2018-ல் ஒன்று இரண்டரை ரூபாய் என்று வந்தது. 2019 ஆகஸ்ட் 27-ல் ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். 15 நாப்கின் 15 ரூபாய்! மாதச் செலவு 133-லிருந்து 58 ஆகும். வருஷத்துக்கு 975 ரூபாய் மிச்சம். போகும் முன் இருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று சிலிகான் கப். 400 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஐந்து வருஷம் வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 80 ரூபாய்தான். கேரளத்தில் ஆலப்புழை நகராட்சியில் 2019-ல் "திங்கள்" என்ற திட்டத்தில் ஐயாயிரம் கப் இலவசமாகக் கொடுத்தார்கள். கொச்சி பக்கம் கும்பளங்கி என்ற ஊர் 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத கிராமமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கப்பை வெந்நீரில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், பழகவும் நாளாகும். தெரிந்தவரிடம் கேட்டுத் தெளிந்து வாங்குவது நல்லது.

ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ சிக்கனம் பார்க்காமல் டாக்டரைப் பாருங்கள். என்னைப் போல வெட்கப்பட்டு 640 ரூபாய் தண்டம் கட்டாதீர்கள்.

பேரவைக்கு ஒரு எஸ்டிமேட்

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வெறும் வேண்டுகோளாக வைத்தால் மறந்துவிடுவீர்கள் என்று எஸ்டிமேட்டாகவே வைக்கிறேன்.

நம் கல்லூரியில் மாணவியர் சுமார் 120 பேர். அவசரத்துக்கு மாதம் ஆளுக்கு இரண்டு நாப்கின் என்று பெண்கள் அறையில் ஒரு பெட்டியில் வைத்தால் மாதம் 240. ஒரு ரூபாய் நாப்கின் என்றால் 240 ரூபாய்தான். கல்லூரி நடக்கும் பத்து மாதத்துக்கு 2,400 ரூபாய். மூடி போட்ட குப்பைத் தொட்டி இரண்டு, 700 ரூபாய். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு, 120 ரூபாய். ஆக மொத்தம் 3,220 ரூபாய். விளையாட்டு விழாவுக்குப் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் நாம் கொடுத்த வாடகை இதைவிட அதிகம். தாழ்ப்பாள் மாட்ட ஆள் கூலி வேண்டாம். நாமெல்லாம் எதற்குப் படிக்கிறோம்?

பேரவை நண்பர்கள் அடுத்த வரவு செலவுக் கணக்கில் இதைப் பெயரோடு ஒரு வரியாக எழுத வேண்டும். "இதர செலவுகள்" என்று மறைத்து எழுத வேண்டாம்.

எங்க வீட்டில் எழுதியாயிற்று. போன மாதச் சனிக்கிழமை அம்மா பணத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அரிசி, பலசரக்கு, குழு, கேஸ் என்று எழுதி, அதற்குக் கீழே "நாப்கின் – 3 பேர் – 45 ரூபாய்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா நாலு பத்து ரூபாய் நோட்டையும் ஒரு அஞ்சு ரூபாய்க் காசையும் எடுத்துத் தனியாக வைத்தாங்க. "மூணு பேருன்னு சரியாத்தான எழுதுன?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாங்க.

சரியாகத்தான் எழுதினேன் அம்மா.

– மூன்றாமாண்டு மாணவி, சிவில் துறை